ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியாச்சு, அடுத்து என்ன? ரிமோட் குரல் பதிவுக்கான செட்டப், படிப்படியாக

டப்பிங், விளம்பரக் குரல், ஆடியோபுக் எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குப் போகாமல் இருந்த இடத்திலிருந்தே பேசிக் கொடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. இயக்குநர் ஓரிடம், பேசுபவர் வேறிடம். இந்த வேலைக்கு மைக்குக்கு அடுத்தபடி தேவைப்படுவது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்கிற சின்னப் பெட்டி. மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின் சிக்னல். அதைப் பெருக்கி, டிஜிட்டலாக மாற்றி, யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்புவது இதன் ஒரு வேலை. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சத்தத்தை ஹெட்போனுக்குக் கொண்டுவருவது இன்னொன்று.

பெட்டியை மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். "எக்கோ அடிக்குது", "ஒரு காதில்தான் கேட்குது", "குரல் கட்டாகி வருது" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் பெட்டியின் கோளாறாக இருக்காது. யாருக்கு எது கேட்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் கேபிளைச் சொருகியதுதான் காரணமாக இருக்கும். அதனால் முதலில் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் காதில்: உங்கள் குரல் தாமதமில்லாமல், கூடவே இயக்குநரின் குரல்.
இயக்குநர் காதில்: உங்கள் குரல். அவருடைய குரலே அவருக்குத் திரும்பக் கேட்கக் கூடாது.
ஃபைலில்: உங்கள் குரல் மட்டும். வேறு எதுவும் கலக்கக் கூடாது.

இனி செய்யப்போவது எல்லாம் இந்த மூன்று வரியை நிறைவேற்றத்தான்.

1. கேபிள்கள்

மைக்கை எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மூன்று முள் உள்ள மைக் கேபிள்) மாட்டி, பெட்டியின் முதல் இன்புட்டில் சொருகுங்கள். கெயின் குமிழ், அதாவது மைக் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் குமிழ், முழுக்கக் குறைந்திருக்கட்டும். யுஎஸ்பி கேபிளை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள்; பவர் இல்லாத ஹப் வழியாக வேண்டாம். பெட்டியில் விளக்கு எரிகிறது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் பார்க்க அச்சாக அதே மாதிரிதான் இருக்கும். அவற்றில் டேட்டா போகாது.

கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால் 48 வோல்ட் என்று குறித்த ஃபேன்டம் பவர் பட்டனைப் போட வேண்டும். மைக்கை மாட்டிய பிறகு போடுங்கள். கழற்றும்போது முதலில் பட்டனை அணைத்து, சில நொடி விட்டுக் கழற்றுங்கள். டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள், மைக் கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது.

'இன்ஸ்ட்' என்றொரு பட்டன் இருந்தால் அது கிட்டாருக்கு. அணைந்தே இருக்கட்டும். குரலை மினுக்கிக் காட்டும் பட்டன்கள் சில பெட்டிகளில் உண்டு, அவற்றையும் தொடாதீர்கள். மினுக்கும் வேலையை ஒலிப்பொறியாளர் பார்த்துக்கொள்வார். நீங்கள் ஒருமுறை சேர்த்து அனுப்பிவிட்டால் அவரால் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

ஹெட்போன் காதை முழுக்க மூடும் குளோஸ்டு பேக் வகையாக இருக்க வேண்டும். திறந்த வகையில் இயக்குநர் பேசுவது வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். மூன்றாவது வரி அங்கேயே அடிபட்டுப் போகும்.

2. டிரைவரும் சாம்பிள் ரேட்டும்

விண்டோஸ் என்றால் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். ஏஎஸ்ஐஓ என்ற பெயரில் வரும் அந்த டிரைவர்தான் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் பெட்டிக்கும் நடுவே தாமதத்தைக் குறைக்கிறது. மேக்கில் பெரும்பாலான பெட்டிகள் மாட்டியவுடன் வேலை செய்யும்.

அடுத்து சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை குரலை அளந்து எண்ணாக்குவது என்பது. பிட் என்பது ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ சார்ந்த வேலைகளுக்கு அதுதான் வழக்கம். வேறு ஏதாவது வேண்டுமென்றால் வேலை கொடுப்பவர் சொல்வார். எண்ணைவிட முக்கியம், அது எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது. 44,100-இல் பதிவானதை 48,000 என்று நினைத்து ஓட்டினால் குரல் சுமார் 9 சதவீதம் வேகமாகி, சுருதியும் ஏறிவிடும். ஆகவே பெட்டியின் கண்ட்ரோல் பேனல், கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் மூன்றையும் திறந்து ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற சின்ன ஆப்பில் இது இருக்கும்.

விண்டோஸில் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலுக்குப் போய், ரெக்கார்டிங் பட்டியலில் உங்கள் பெட்டியின் பிராபர்ட்டீஸைத் திறந்தால் 'அட்வான்ஸ்டு' என்ற பகுதி வரும். சாம்பிள் ரேட் அங்கேதான். அதே பகுதியில் 'எக்ஸ்க்ளூசிவ் மோட்' என்று இரண்டு டிக் இருக்கும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் ஒரு ஆப் மைக்கைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ளலாம். ரிமோட் செஷனில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், கால் ஆப் இரண்டுமே ஒரே நேரத்தில் மைக்கைக் கேட்கும். ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது ஊமையாகிவிடும்.

3. கெயின்: அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரே வேலை

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருங்கள். பாப் ஃபில்டர் (ப, ப்ப போன்ற ஓசைகளின் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் வலை) நடுவில் இருக்கட்டும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மோனோ (ஒரே சேனல்) டிராக் ஒன்றைத் திறந்து, இன்புட் 1-ஐத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோ டிராக்கைத் தேர்ந்தெடுத்தால்தான் குரல் இடது காதில் மட்டும் கேட்கும். உங்களிடம் இருப்பது ஒரு மைக், ஒரு வாய்; மோனோவே போதும்.

இப்போது ஸ்கிரிப்டைக் கையில் எடுங்கள். "ஹலோ, டெஸ்ட், ஒன் டூ த்ரீ" என்று சொல்லி கெயின் வைப்பதில் பயனில்லை. அப்படி யாரும் நடிப்பதில்லை. ஸ்கிரிப்டிலேயே அதிகச் சத்தம் வரும் வரியைக் கண்டுபிடித்து, நிஜமாக எப்படிக் கத்துவீர்களோ அப்படியே கத்துங்கள். கத்திக்கொண்டே கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சாஃப்ட்வேரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே தொட்டுவிட்டு இறங்கினால் நிறுத்திவிடுங்கள். பச்சையில் ஓடும் மீட்டர் எப்போதாவது மஞ்சளைத் தொடலாம், சிவப்பைத் தொடவே கூடாது. சிவப்பு என்றால் கிளிப். அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த டேக்கை (ஒரு தடவை பேசிப் பதிவு செய்ததை) மறுபடி பேசுவதுதான் ஒழுங்கான வழி.

அடுத்து மெதுவாகப் பேசும் வரியைப் படித்துப் பாருங்கள். மீட்டர் ரொம்பக் கீழே கிடக்கிறதே என்று கெயினை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். 24 பிட்டில் தாழ்வாகப் பதிவானதைப் பிறகு உயர்த்திக்கொள்ளப் போதுமான இடம் இருக்கிறது. அப்படி உயர்த்தும்போது இரைச்சல் தெரிந்தால் பெரும்பாலும் அது அறையின் சத்தம்தான்; ஃபேன், ஃப்ரிட்ஜ், தெரு. கெயினை ஏற்றினால் அதுவும் சேர்ந்துதான் ஏறும். ஒரு ஸ்கிரிப்டிலேயே முணுமுணுப்பும் அலறலும் இருந்தால், அலறலுக்கு மட்டும் தனி கெயினில் தனி டேக் எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வைத்த இடத்தைக் குமிழில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 'பிக்கப்' என்று நாலு வரி மறுபடி கேட்டால், அதே சத்தத்தில் கொடுக்க அது உதவும்.

4. உங்கள் காதுக்கு

உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வந்தால் தாமதம் இருக்கும். கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து எடுக்கிறது என்பதுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் 256 என்றால் போகும் வழிக்கு மட்டும் சுமார் 5 மில்லி செகண்ட். 1,024 என்றால் 21-ஐத் தாண்டும். தன் குரல் இப்படிப் பின்தங்கிக் கேட்டால் நாக்கு தடுமாறும். பெட்டியிலுள்ள 'டைரக்ட் மானிட்டர்' பட்டன் அதற்குத்தான்: மைக்கின் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அதைப் போட்டுவிட்டு, சாஃப்ட்வேரில் மானிட்டரிங்கை (உங்கள் குரலை அது திருப்பிக் கேட்கவைப்பதை) அணைத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் குரல் இரட்டையாகி, கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும். டைரக்ட் மானிட்டர் இருக்கும்போது பஃபரை 512 வரைகூட வைக்கலாம்; கம்ப்யூட்டர் திணறாமல் ஓடும்.

5. கால் ஆப்

பேச எந்த ஆப் வேண்டுமானாலும் இருக்கட்டும்: ஜூம், கிளீன்ஃபீட், சோர்ஸ் கனெக்ட், எது என்பதை ஸ்டுடியோக்காரர்கள் சொல்வார்கள். செட்டிங்கில் மைக், ஸ்பீக்கர் இரண்டுக்கும் உங்கள் பெட்டியின் பெயரையே தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரை மறந்துவிடுபவர்கள் அதிகம். அப்போது இயக்குநரின் குரல் லேப்டாப் ஸ்பீக்கரில் ஒலித்து, மைக் வழியாக அவருக்கே திரும்பும். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எக்கோ யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம் இருக்காது, எதிர்ப்பக்கம் இருக்கும். இயக்குநர் "என் குரலே எனக்குக் கேட்குதே" என்றால் தேட வேண்டியது நீங்கள்தான்.

கால் ஆப்கள் அலுவலக மீட்டிங்குக்காகச் செய்யப்பட்டவை. ஃபேன் சத்தத்தை அழிக்கிறேன் என்று நீங்கள் விடும் மூச்சையும், வரியின் கடைசியில் தேயும் ஓசையையும் சேர்த்து அழித்துவிடும். இயக்குநருக்கு உங்கள் நடிப்பு பாதிதான் போய்ச் சேரும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைப் போடுங்கள். மைக் வால்யூமைத் தானாக மாற்றும் டிக்கை எடுத்துவிடுங்கள். மற்ற ஆப்களிலும் நாய்ஸ் சப்ரஷன், ஆட்டோ கெயின், எக்கோ கேன்சலேஷன் எங்கே இருந்தாலும் அணையுங்கள். ஹெட்போன் மாட்டியிருப்பதால் எக்கோ கேன்சலேஷனுக்கு வேலையே இல்லை.

இன்டர்நெட் வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பிரவுசர் வழியே ஓடும் கால்களில் குரலைச் சுமப்பது பெரும்பாலும் ஓபஸ் கோடெக் (சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறை). அதன் உச்சமே விநாடிக்கு 510 கிலோபிட். தேவை நிதானம். வைஃபை நடுவில் ஒரு கணம் தடுக்கினாலும் குரல் கட்டாகும். லேன் கேபிள் போடுங்கள்.

அதற்காகக் காலில் போகும் சத்தத்தை வேலையாக நினைத்துவிடாதீர்கள். சில செஷன்களில் ஸ்டுடியோவே தன் பக்கம் பதிவு செய்துகொள்ளும். அப்போதும் உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு ஓடட்டும். லைன் விழுந்தால் கைகொடுப்பது அதுதான். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ வேவ் ஃபைல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பிதான் பிடிக்கும்.

6. "போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால்

பதிவான டேக்கை இயக்குநர் கேட்க விரும்பினால் மட்டும் லூப்பேக் தேவை. கம்ப்யூட்டரில் ஓடும் சத்தத்தை மைக் சத்தத்தோடு கலந்து மறுபடி உள்ளே அனுப்பும் வசதி அது. சிக்கலும் அங்கேதான்: கம்ப்யூட்டரில் ஓடும் சத்தத்தில் இயக்குநரின் குரலும் அடக்கம். அது அவருக்கே திரும்பும், உங்கள் ஃபைலிலும் ஏறலாம். தாளில் எழுதிய இரண்டாவது வரி, மூன்றாவது வரி இரண்டும் ஒரே பட்டனில் போய்விடும். பெட்டியின் மிக்சரில் கால் ஆப்புக்கும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் தனித்தனி சேனல் கொடுக்க முடிந்தால், ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் சேனலை மட்டும் லூப்பேக்கில் சேருங்கள். முடியாவிட்டால், போட்டுக் காட்டும் நேரத்துக்கு மட்டும் லூப்பேக்கைப் போட்டு, முடிந்ததும் அணையுங்கள். புதியவர்களுக்கு என் யோசனை: முதல் சில செஷன்களுக்கு லூப்பேக்கே வேண்டாம். டேக்கை அனுப்பிவிட்டு, "கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிடலாம்.

7. ஒத்திகை

செஷனுக்கு முந்தைய நாள் உங்கள் போனையே இயக்குநராக்குங்கள். கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கால் போட்டு, போனில் இயர்போன் மாட்டி, அதை வேறு அறையில் ஒருவரிடம் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் ரெக்கார்டிங்கை ஓட விட்டு அரைப் பக்கம் படியுங்கள். பிறகு மூன்று வரித் தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். உங்கள் குரல் உடனே கேட்டதா? அவருக்கு அவர் குரல் திரும்பியதா? ஃபைலைப் போட்டு, நீங்கள் பேசாமல் இருந்த இடங்களில் காதைத் தீட்டிக் கேளுங்கள்: அவர் குரல் மெலிதாகக்கூட இருக்கக் கூடாது. இருந்தால் ஹெட்போன் வால்யூமைக் குறையுங்கள். குறைத்தும் கேட்டால் லூப்பேக் எங்கோ போட்டிருக்கிறது.

அன்றைக்கு நோட்டிபிகேஷன்களை அணைத்து, லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். சார்ஜர் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால் வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் டேக் ஓடும்போது மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். பேசத் தொடங்கும் முன் 30 விநாடி அமைதியாக இருந்து, அறையின் வெறும் சத்தத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வரிகளுக்கு நடுவே ஒட்டுப்போட எடிட்டர் அதைத்தான் கேட்பார். முடிந்ததும் ஃபைலை எம்பி3 ஆக்காமல் வேவ் ஆகவே, புராஜெக்ட் பெயரும் தேதியும் போட்டு அனுப்புங்கள். "வந்துடுச்சு, சரியா இருக்கு" என்று அங்கிருந்து பதில் வரும்வரை உங்கள் பிரதியை அழிக்காதீர்கள்.