க்ரோனோ ட்ரிகர்: முதல் தடவை ஆடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கோடையில் பாய்கூட விரிக்காமல் அதில் படுத்துக்கொண்டு க்ரோனோ ட்ரிகர் ஆடுவது எனக்கு வருஷா வருஷம் வழக்கம். 1995-ல் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ மெஷினுக்கு வந்த வீடியோ கேம், காலம் விட்டுக் காலம் பயணம் போகும் கதை. ஃபைனல் ஃபேன்டசி ஆட்டத்தை உருவாக்கிய சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட் ஆட்டத்தின் யூஜி ஹோரி, டிராகன் பால் காமிக்ஸ் வரைந்த அகிரா தோரியாமா மூவரும் சேர்ந்து செய்தது. இந்த லீவுக்கு வந்த சித்தப்பா மகன் அதை ஆரம்பித்து, மூன்றாம் நாளே "போரடிக்குதுண்ணே" என்று போனைக் கீழே வைத்துவிட்டான். சரி என்று அவனை மறுபடி ஆட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கோளாறு அவன் ஆடிய விதத்தில் இருந்தது.

முதலில் படம். பழைய ஆட்டம், புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று வழவழப்பாக்கும் ஃபில்டரைப் போட்டு, திரை முழுக்க நிரம்பும்படி இழுத்தும் விட்டிருந்தான். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த மெஷினில் ஓர் உருவத்துக்கு ஒரு சமயத்தில் 15 நிறம்தான் கிடைக்கும். அதற்குள் நாயகன் க்ரோனோ தலை குனிவதையும் அவன் தோழி மார்ல் துள்ளிக் குதிப்பதையும் காட்ட, ஒவ்வொரு புள்ளியையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். அப்பத்தா புள்ளி வைத்துப் போட்ட கோலத்தைப் பின்னாலேயே போய்க் கையால் தேய்த்துவிட்டால் எப்படி இருக்கும்? ஃபில்டர் செய்வது அதைத்தான். 2018-ல் ஸ்டீம் என்ற கணினி ஆட்டக் கடையில் வந்த பதிப்பும் இப்படி மழுங்கலாகத்தான் வந்தது. ஆட்டக்காரர்கள் விடாமல் எதிர்ப்புச் சொன்ன பிறகு, பழைய படத்தையே தேர்ந்தெடுக்கும் வசதியை அப்டேட்டில் கொடுத்தார்கள். செட்டிங்ஸில் இருக்கிறது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

அடுத்தது வசனத்தைத் தட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவது. இதில்தான் அதிகம் இழக்கிறோம். ஆட்டம் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. கார்டியா ராஜ்ஜியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா. நம் கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கடைவீதி மாதிரி கூட்டம், பந்தயம், வேடிக்கை. அங்கே ஒரு பெண், அதுதான் மார்ல், க்ரோனோவாக ஆடும் உங்கள்மேல் மோதிக் கீழே விழுகிறாள், அவளுடைய பதக்கம் தனியாகத் தெறிக்கிறது. முதலில் அவளை விசாரிப்பீர்களா, பதக்கத்தை எடுப்பீர்களா? ஒரு மூலையில் யாரோ ஒரு பெரியவரின் சாப்பாடு இருக்கிறது. ஒரு சின்னப் பெண் பூனையைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள். தம்பி பதக்கத்தைத்தான் முதலில் எடுத்தான், போகிற போக்கில் சாப்பாட்டையும் தின்றான், பூனையைக் கண்டுகொள்ளவே இல்லை. இதெல்லாம் சும்மா அலங்காரம் என்று அவன் நினைப்பு. பின்னால் க்ரோனோவை விசாரிக்கும் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. ஏழு பேர் தீர்ப்புச் சொல்ல, அந்தப் பெரியவரே சாட்சிக்கு வந்து நின்றபோது அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தீர்ப்பு எதுவானாலும் சிறைவாசம் உண்டு, ஆனால் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை இந்த ஆட்டம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்தும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கிறது.

லெவல் ஏற்றுவதற்காக, அதாவது எதிரிகளோடு மோதி மோதி பலம் கூட்டுவதற்காக, ஒரே காட்டைச் சுற்றிச் சுற்றி வராதீர்கள். தேவையே இல்லை. எதிரிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறார்கள், சண்டையும் அதே இடத்தில் நடக்கிறது, வழியில் வருவதோடு மோதினாலே போதும். புதிதாக ஆடுகிறவர்கள் சண்டையை 'வெயிட்' முறையில் வையுங்கள், மெனுவில் யோசிக்கும்போது நேரம் நிற்கும். அப்புறம், சத்தத்தை அணைத்துவிட்டு பஸ்ஸில் ஆடுவது. யசுனோரி மிட்சுடா முதன்முதலாக முழுப்பொறுப்பேற்று இசையமைத்த ஆட்டம் இது. வயிற்றுப்புண் வரும் அளவுக்கு உழைத்தார், மிச்சப் பாட்டுகளை ஃபைனல் ஃபேன்டசிக்கு இசையமைத்த உவேமாட்சு வந்து முடித்துக் கொடுத்தார். ஹெட்போன் இல்லையென்றால் வீட்டுக்கு வந்து ஆடுங்கள்.

வழிகாட்டி வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு ஆடுவதும் தப்புதான். ஆனால் திருத்த முடியாத ஒரு தவறை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முத்திரை வைத்த கறுப்புப் பெட்டிகள் வரும். ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் அவற்றைத் திறக்க முடியும். காலப்பயணத்தில் கி.பி. 600-க்குப் போயிருக்கும்போது அப்படி ஒரு பெட்டி மார்லின் பதக்கத்துக்கு அசைந்து கொடுத்து, உள்ளே இருப்பதை எடுக்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். கி.பி. 1000-க்குப் போய் அதே பெட்டியைத் திறந்தால், நானூறு வருஷம் உள்ளேயே கிடந்து வலுவேறிய பொருள் கிடைக்கும். பிறகு 600-க்குத் திரும்பி வந்து பழையதையும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பெட்டிக்கும் இந்த இரட்டை லாபம் இல்லை, ஆனாலும் அவசரப்பட்டு முதலிலேயே எடுத்தால் நல்லதை இழப்பீர்கள்.

க்ரோனோவின் தோழி லூக்காவின் அம்மாவைக் காப்பாற்றும் வழியை மட்டும் நான் சொல்லவே மாட்டேன். ஓர் இரவு, எல்லோரும் தூங்கும்போது, லூக்கா தனியாகக் காலத்தில் பின்னோக்கித் தன் சிறுவயது வீட்டுக்குப் போகிறாள். அம்மாவின் பாவாடை இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது. நிறுத்த ஒரு கடவுச்சொல் வேண்டும், கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. துப்பு அந்த வீட்டுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தம்பி அதைப் படிக்காமல் ஓடினான். இயந்திரம் நிற்கவில்லை. போனை மார்பின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வளவுக்கு மேலே தெரிந்த வானத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கடைசியா எங்க சேவ் பண்ணேன்?" என்று கேட்டபடி போனைத் திருப்பினான்.