வலியைச் சொல்ல முடியாதவர்களிடம் வலியைக் கேட்பது எப்படி?

வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு குழந்தையையோ வயதானவரையோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துடைத்து விடுவது, ஊட்டி விடுவது, மாத்திரை நேரம் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே பழகியிருக்கும். நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வியை: "வலிக்குதா?"

எங்கள் பையன் நாலு வயதில் கை முறிந்து மாவுக்கட்டோடு இருந்த சமயத்தில், மறதி நோய் முற்றிய என் மாமியாரும் எங்களோடுதான் இருந்தார். அவனைக் கேட்டால் "இல்ல" என்பான், ராத்திரி முனகுவான். அத்தையைக் கேட்டால் பதிலே வராது. வலி வந்தால் கொடுக்கச் சொல்லி டாக்டர் இருவருக்கும் மருந்து எழுதியிருந்தார். வலி வந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

சொல்லத் தெரியாதவருக்கு வலியும் இருக்காது என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1980கள் வரை, பிறந்த குழந்தைகளுக்குப் போதுமான வலி மருந்து கொடுக்காமலேயே அறுவை சிகிச்சை செய்ததுண்டு. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1987இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியதில் பெரும் பங்கு வகித்தது. அதனால் "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

படி 1: கேட்கும் முன்னால்

டிவி, மிக்ஸி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, அவர்கள் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். குழந்தை என்றால் தரையில் உட்காருங்கள்.

வயதானவரிடம் கத்த வேண்டாம். வயதால் காது மந்தமாகும்போது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும். கத்தும்போது நம் குரலும் கீச்சென்று ஏறுகிறது, சொல் இன்னும் குழம்புகிறது. குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள்.

படி 2: பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது

"வலிக்குதாத்தே?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். நமக்குச் சிரமம் தரக்கூடாது என்று நினைக்கிறார்கள். வெட்டினால், உடைந்தால் வருவதுதான் வலி என்று நினைப்பவர்களும் உண்டு. அதனால் இடத்தைத் தொட்டு, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "முட்டி கடுக்குதா? இழுக்குதா? எரியுதா? குடையுதா?" காலையிலிருந்து ஒன்றுமில்லை என்றவரே "கடுக்குதா" என்றதும் ஆமாம் என்பார். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் கேள்வி கரைந்துபோகும்.

"பத்துக்கு எத்தனை வலி?" என்று எண்ணில் கேட்பது பல பெரியவர்களுக்கு ஒத்துவருவதில்லை. இல்லை, கொஞ்சம், பரவாயில்லை, ரொம்ப, தாங்க முடியல என்ற ஐந்து சொற்கள் போதும்.

"நெஞ்சு பாரமா இருக்கு", "அடைக்குற மாதிரி இருக்கு" என்று சொன்னால் மேலே எதுவும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

படி 3: குழந்தையிடம் முகப்படத்தை வைத்துக் கேட்பது

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். ஆஸ்பத்திரிகளில் ஆறு முகங்கள் வரிசையாக இருக்கும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும் அட்டைக்கு வாங்–பேக்கர் அளவுகோல் என்று பெயர். எங்கள் பையன் எப்போதும் சிரித்த முகத்தையே தொட்டான். அவனுக்கு அது பிடித்த படம், அவ்வளவுதான். அழுத முகத்தைத் தொட்டால் தன்னை அழுமூஞ்சி என்பார்கள் என்ற பயமும் இருந்தது.

என் தேர்வு 2001இல் வந்த திருத்தப்பட்ட முகப்பட அளவுகோல். அதிலும் ஆறு முகங்கள்தான், ஆனால் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. நாலு வயதிலிருந்து பயன்படும். காட்டும்போது "சந்தோஷம்", "சோகம்" என்ற சொற்களையே எடுக்காதீர்கள். நான் சொல்வது இப்படி: "இந்த முகத்துக்கு வலியே இல்ல. இதுக்குக் கொஞ்சூண்டு வலி. அடுத்ததுக்கு இன்னும் கொஞ்சம். கடைசி முகத்துக்கு ரொம்ப ரொம்ப வலி. இப்ப உன் கை உனக்குள்ள எப்படி இருக்கோ, அந்த முகத்தத் தொடு." முதல் முறை காட்டுவதை வலி இல்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் முழங்கால் சிராய்த்தது எந்த முகம், கொசு கடித்தது எந்த முகம் என்று பழக்கிவிட்டால், வலிக்கும்போது விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

படமே பிடிக்காத குழந்தைக்கு நாலு கேரம் காய்கள் போதும். "ஒரு காய்னா கொஞ்சம் வலி. நாலும்னா ரொம்ப வலி. உங்கிட்ட எத்தன இருக்கு?" போக்கர் சில்லுகளை வைத்து இப்படிக் கேட்கும் முறை மருத்துவமனைகளில் உண்டு. எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் காய்கள் வேண்டாம்.

இன்னொன்று. "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வீட்டில் எந்தக் குழந்தையும் வலியைச் சொல்லாது. சொன்னால் ஊசி வரும் என்று அதற்குத் தெரியும். ஊசி நிஜமாகவே போட வேண்டிய நாளில் "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். "சுருக்குன்னு இருக்கும், நான் புடிச்சுக்கறேன்" என்பதே போதும்.

படி 4: பேச்சே இல்லாதவருக்கு

சின்னக் குழந்தைகளுக்கு ஃப்ளாக் என்ற அளவுகோல் இருக்கிறது. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 போட வேண்டும். மறதி நோய் முற்றியவர்களுக்கு 2003இல் பெய்னாட் என்ற அளவுகோல் வந்தது. மூச்சு, முனகல், முகம், உடல், தேற்ற முடிகிறதா என்ற ஐந்து. பெய்னாட்டை உருவாக்கியவர்கள் ஃப்ளாக்கிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒரே தாளின் இரண்டு பக்கங்களிலும் இரண்டையும் எழுதி ஒட்டினோம். இரண்டிலுமே மொத்தம் 10. 1 முதல் 3 வரை லேசான வலி, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை கடுமை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு பார்வை பார்த்துவிட்டு மார்க் போடாதீர்கள். ஐந்து நிமிடம் கவனியுங்கள். முக்கியமாக, புரட்டிப் படுக்க வைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பாருங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது அத்தைக்குப் பூஜ்யம்தான் வரும். இடது பக்கம் திருப்பினால் நெற்றி சுருங்கும், கையைத் தட்டிவிடுவார். "அடம் புடிக்கிறாங்க" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் உள்ளே வலி இருக்கிறது.

எண்ணிக்கை கூடினால் மாத்திரையை எடுக்கும் முன் காரணத்தையும் தேடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர் கட்டியிருப்பது, பல்செட் அழுத்துவது, படுக்கைப் புண், அடியில் சுருண்டு கிடக்கும் விரிப்பு. மருந்தின் அளவை நீங்களாக ஏற்ற வேண்டாம்.

படி 5: எழுதி வைப்பது

ஆப் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கட்டில் காலில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டும் பேனாவும்தான் சிறந்தது. போன் உங்களோடு வெளியே போய்விடும், நோட்டு போகாது. நேரம், எண், என்ன செய்துகொண்டிருந்தார், என்ன கொடுத்தோம் என்று எழுதுங்கள். அப்புறம் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, அந்த நேரத்தில் மறுபடி எண்ணைக் குறியுங்கள். இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் மருந்து கேட்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

பின்சேர்க்கை: பக்கவாதத்தில் பேச்சு போன அப்பாவைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாராம். முதலில் விடை தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள்: "இது நம்ம வீடுதானே?", "நான் உங்க தம்பியா?" ஆமாம், இல்லை இரண்டும் சரியாக வந்தால் மட்டும் வலியைப் பற்றிக் கேளுங்கள். தலையாட்டல் குழம்பினால் கட்டைவிரலையோ கண் சிமிட்டலையோ முயன்று பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் படி 4தான்.

இன்னொரு பின்சேர்க்கை: நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று திடீரென்று உளறுகிறார், ஆள் தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மறதி நோய் என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும். ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்குப் பின்னால் கிருமித் தொற்றோ, நீர் வற்றிப்போனதோ, புதிதாகத் தொடங்கிய மருந்தோ இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நோட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.