பங்க் வழியில் அரசியல் பேசத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் சென்ற மாதம் கல்லூரி மாணவர்கள் நால்வர், 'நீயே செய்' என்னும் பங்க் ராக் இசை மரபின் வழியில், தாங்களே எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஊசிநூலால் தைத்த இதழொன்றைத் தந்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பங்க் பாணிக் கிழிந்த சட்டையே அரசியல் என்று எண்ணுவது

வேண்டாம்.

கட்சியில் சேராதவருக்கு அரசியல் இல்லை என்று நம்புவது

1976இல் பிரிட்டனில் தொடங்கிய 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம், 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் 'தி கிளாஷ்' என்னும் பங்க் குழு உள்ளிட்டோரின் பாட்டைக் கொண்டே இனவெறிக்கு எதிராகப் பல்லாயிரம் பேரைத் திரட்டியது. நம் பக்கத்து மூணாறிலோ 2015இல் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்துவிட்டு, 20 சதவீத போனஸ் கேட்டு 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தாங்களே சாலையில் அமர்ந்தார்கள். அவர்களுக்கும் பங்க் இசைக்கும் தொடர்பில்லை. ஆனால் பங்க் சொல்லும் 'நீயே செய்' என்பதை அவர்களிடமும் கற்கலாம்.

இலவச மைக்செட்

வாடகையைக் கொடுத்துவிடுங்கள்.

பிறர் பெயரை அச்சேற்றுவது

எங்கள் இரண்டாவது இதழில் செங்கல் சூளையில் வேலை செய்த ஓர் அக்காவின் கூலிக்கணக்கை, அவருடைய பெயரோடும் ஊரோடும் வெளியிட்டோம். "எழுதுங்க தம்பி" என்றுதான் அவர் சொன்னார். அது யார் யார் கைக்குப் போகும் என்பதை நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. 150 பிரதிகளில் ஒன்று சூளை முதலாளியிடம் போனது. மறுவாரம் அக்காவுக்கு வேலை இல்லை. டீக்கடை, பேருந்து நிலையம் என்று அலைந்து நான் திரும்ப வாங்க முடிந்தவை 31 மட்டுமே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் 'ரயட் கேர்ள்' என்னும் பெண்ணிய பங்க் இயக்கத்துப் பெண்கள் தங்கள் இதழ்களில் தங்கள் வாழ்க்கையையே எழுதினார்கள். நாங்களோ இன்னொருவரின் பிழைப்பைப் பணயம் வைத்தோம். அதை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்குக் கோபம் வருகிறது.

எழுதியதை அச்சுக்கு முன் உரியவரிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். மலையாளப் பள்ளியில் படித்த பலருக்கு இங்கே தமிழ் பேச்சளவில்தான் தெரியும். பெயரை நீக்கினால் போதாது. ஊர், வயது, சூளை இருக்கும் இடம் ஆகியவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி சம்மதம் கேளுங்கள்.

அந்த மாணவர்களின் மூன்றாம் பக்கத்தில் கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவரின் பெயர் இருந்தது. கைவசமிருந்த 40 பிரதிகளிலும் நூலைப் பிரித்து, அந்தத் தாளை அன்று மாலையே எடுத்துவிட்டோம். மீதி பத்துப் பிரதிகள் யாரிடம் இருக்கின்றன என்பது அவர்களுக்கும் தெரியவில்லை.