பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்: சந்தை ஊரில் குடியேறுகிறவர்களுக்கு

மான்செஸ்டர் பக்கம் பெரி என்று இன்னோர் ஊர் இருக்கிறது. வேலைக் கடிதம், வாடகை விளம்பரம், ரயில் டிக்கெட் எதுவானாலும் முழுப் பெயரைப் பாருங்கள். அஞ்சல் குறியீடு ஐ.பி. (IP) என்று தொடங்கினால்தான் அது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் உள்ள நம் ஊர். லண்டனிலிருந்து வர கேம்பிரிட்ஜிலோ இப்ஸ்விச் பக்கமோ ரயில் மாற வேண்டும். மொத்தத்தில் ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும்.

இங்கே வரும் நம்மவர்களில் பலர் வெஸ்ட் சஃபோக் மருத்துவமனை வேலைக்காக வருகிறவர்கள். அது ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, ரயில் நிலையமோ வடக்கில். இரவு ஷிஃப்ட் உண்டென்றால் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்காதீர்கள். மாலைக்குப் பிறகு பஸ் மிகக் குறைவு.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள இங்கிருந்த பழைய கிறிஸ்தவ மடத்திலிருந்து தொடங்க வேண்டும். 869இல் டேனியர்களிடம் உயிரிழந்த அரசர் எட்மண்டின் உடல் இங்கே வைக்கப்பட்டது. 1020இல் பெனடிக்ட் துறவிகளின் மடம் எழுந்தது. அதே நூற்றாண்டில் பால்ட்வின் என்ற மடாதிபதி தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்தார். சர்ச்கேட் தெரு நேராக மடத்தின் வாசலான நார்மன் கோபுரத்தில் போய் முட்டுவது அதனால்தான். சந்தை உரிமையும் வரியும் மடத்தின் கையில். 1202 வாக்கில் லேக்கன்ஹீத்தில் ஈலி மடத்தார் போட்டிச் சந்தை தொடங்கியபோது, சாம்சன் மடாதிபதி ஆயுதத்தோடு ஆட்களை அனுப்பி அதை இடித்துப்போட்டார். 1327இல் ஊர்மக்களே மடத்தின்மேல் பாய்ந்தார்கள். அதற்குப் பின் புதிதாகக் கட்டிய பெருவாசல்தான் இன்று ஏஞ்சல் ஹில் சதுக்கத்தில் நிற்பது. சிலை மாடங்களின் பின்னால் அம்பு எய்யும் துளைகள் இருக்கின்றன, நின்று பாருங்கள். 1539இல் மடம் கலைக்கப்பட்டது. கற்களை ஊரார் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். மடத்துக் கோயிலின் மேற்குச் சுவருக்குள்ளேயே கட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மடம் போனாலும் சந்தை போகவில்லை. புதனும் சனியும் பட்டர்மார்க்கெட், கார்ன்ஹில் பகுதியில் கூடுகிறது. சந்தை நாளில் அந்தப் பக்கம் காரை ஓட்டிப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பழம், காய்கறிகளைக் கிண்ணக் கணக்கில் விற்பார்கள், ஒரு கிண்ணம் இவ்வளவு என்று. நீங்களாகப் பொறுக்கி எடுக்கும் பழக்கம் இங்கே கிடையாது. வேண்டியதைச் சொன்னால் பையில் கொட்டித் தருவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் விலை இறங்கும், ஆனால் நல்லது போயிருக்கும். தக்காளி அன்றே சட்னிக்குப் போகிறதென்றால் அந்த நேரம் தோது.

மீன் கடையில் கேட்காவிட்டால் முள் நீக்கிய ஃபில்லெட்தான் கைக்கு வரும், குழம்புக்கு அது கரைந்துபோகும். முழு மீனைக் காட்டி, குடல் நீக்கி, முள்ளோடு குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். தலையையும் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் குப்பைக்குப் போய்விடும். மேக்கரல் நம் கானாங்கெளுத்திக்கு நெருங்கின உறவு. குளிர்காலத்தில் ஸ்ப்ராட் வந்தால் நெத்திலி போல வறுக்கலாம். இறைச்சிக் கடையில் மட்டன் என்று கேட்டால் விழிப்பார்கள். லாம்ப் ஷோல்டரை (ஆட்டுக்குட்டியின் தோள் கறி) எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், நல்ல இட்லி அரிசிக்கு கேம்பிரிட்ஜ் மில் ரோடு. ரயிலில் முக்கால் மணி நேரம், நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மாதம் ஒருமுறை போய் கறிவேப்பிலையை உருவி ஃப்ரீசரில் போட்டுக்கொள்வது வழக்கம். ஞாயிறு போவதானால், பெரிய கடைகளுக்குச் சட்டப்படி 10 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் 6 மணி நேர வியாபாரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் வாரத்திலேயே எல்லோரும் தடுக்கி விழும் இடம் பருப்பு. குக்கரில் ஏழு விசில் வைத்தாலும் துவரம்பருப்பு மணி மணியாக நிற்கும். குக்கரும் பருப்பும் சரியாகவே இருக்கும், கோளாறு தண்ணீரில். ஊரே சுண்ணாம்புப் பாறைமேல் இருப்பதால் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். அதிலுள்ள கால்சியம் பருப்பை இறுக்கிவிடுகிறது. வடிகட்டிக் குவளையில் ஊற்றிய தண்ணீரில் இரவே ஊற வையுங்கள், அதே தண்ணீரில் வேக வையுங்கள். அவசரமென்றால் ஒரு கப் பருப்புக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா. கூடினால் சோப்பு வாடை அடிக்கும். புளி, தக்காளி சேர்ப்பது பருப்பு வெந்த பிறகுதான். கெட்டிலில் வெள்ளையாகப் படிவதும் இதே சுண்ணாம்புதான். அரைக் கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைப் போட்டு அரை மணி நேரம் விட்டு, இருமுறை கழுவுங்கள். கொதிக்கும்போதே போட்டால் பொங்கி வழியும்.

நகர மையத்தில் வீடு எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பக்கம் 18ஆம் நூற்றாண்டுச் செங்கல், பின்னால் அதைவிடப் பழைய மரச்சட்டகம் என்பது இங்கே சர்வசாதாரணம். பார்க்க அழகு. ஆனால் பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் சுவரில் துளையிட்டுப் புகைவிசிறி பொருத்தவும் அனுமதி வேண்டும். மிளகாய் தாளிக்கிற வீட்டுக்கு விசிறி இல்லாத சமையலறை ஆகாது. கையெழுத்திடுமுன் அடுப்புக்கு மேலே பாருங்கள், ஜன்னல் திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். உள்ளேயே துணி காயப்போட்டால் பனிக்காலத்தில் வெளிச்சுவர் மூலையில் பூஞ்சணம் பூக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள், தினம் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறந்து விடுங்கள். காலை ஷிஃப்டுக்காக ஐந்து மணிக்கு மிக்ஸி ஓடினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கார் இருந்தால், அந்த முகவரிக்கு குடியிருப்போர் பார்க்கிங் அனுமதி உண்டா என்று கவுன்சிலிடமே கேளுங்கள், ஏஜென்ட் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. அதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) என்பதும் குழப்பும். குப்பைத் தொட்டி, கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரி இரண்டும் வெஸ்ட் சஃபோக் கவுன்சில். தனியாக இருப்பவருக்கு வரியில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். பள்ளி இடம் சஃபோக் கவுன்டி கவுன்சில் பொறுப்பு. பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15, உயர்நிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31 கடைசி நாள். பள்ளி ஆண்டின் நடுவில் வந்தவர்கள் தேதி பார்க்காமல் உடனே தனி விண்ணப்பம் போடலாம். ஜி.பி. என்ற குடும்ப மருத்துவரிடம் பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பில் கேட்டால், என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) விதியே அப்படித்தான் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

இலையுதிர் காலத்தில் ஊருக்கு மேலே பெரிய வெள்ளைப் புகை எழும், வேகவைத்த கிழங்கு போல ஒரு வாடையும் வரும். தீ விபத்து இல்லை, 1925இல் தொடங்கிய சர்க்கரை ஆலை சுகர் பீட் என்ற கிழங்கைக் காய்ச்சுகிறது. வருவது பெரும்பாலும் நீராவி. குளிர்காலம் முழுக்க ஓடும். வயலிலிருந்து கிழங்கு ஏற்றி வரும் டிராக்டர்களும் லாரிகளும் கிராமச் சாலைகளில் சேற்றை உதிர்த்துப் போகும், மழை பெய்தால் அது வழுக்கும். ஊருக்குப் புதிதாகக் கார் ஓட்டுகிறவர்கள் வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். சைக்கிளில் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம்.