கேலக்ஸியின் காந்தப்புலம்: கோடு போடும் முன் கவனிக்க வேண்டியவை

கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ரேடியோ வானியல் எடுக்கும் மாணவர்கள் என்னிடம் படத்தோடு வருவார்கள். எம் 51 சுழல் கேலக்ஸி, அதன்மேல் சின்னச் சின்னக் கோடுகள். "காந்தப்புலம் இப்படிப் போகுதுங்க சார்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, இது எந்தப் புலத்தின் கோடு? தொலைநோக்கி அளப்பது அலையின் மின்புலச் சாய்வைத்தான். சின்க்ரோட்ரான் அலையில் (காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் உமிழும் அலை) மின்புலம் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும். 90 டிகிரி திருப்ப மறந்தால், சுழல்கரத்தோடு ஓட வேண்டிய புலம் அதை வெட்டிக்கொண்டு நிற்கும். திருப்பிய பிறகும் அம்புக்குறி போடாதீர்கள். கோடு சாய்வை மட்டுமே சொல்லும். புலம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று சொல்லாது.

அதிகம் பேர் சறுக்குவது ஃபாரடே சுழற்சியில். வழியிலுள்ள அயனி வாயுவும் காந்தப்புலமும் சேர்ந்து அலையின் தளத்தை, அதாவது மின்புலம் அதிரும் தளத்தை, திருப்பிவிடும். இதுதான் ஃபாரடே சுழற்சி. அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தத் திருப்பம் கூடும். சுழற்சி அளவு (அலைநீள வர்க்கத்தின் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு திருப்பம் என்பது) சதுர மீட்டருக்கு 100 ரேடியன் என்றால், 6 செ.மீ.யில் சுமார் 21 டிகிரி, 20 செ.மீ.யில் சுமார் 229 டிகிரி.

கட்டில் நாடா ஒரு முழம் எடுத்து இரு முனையையும் தட்டையாகப் பிடியுங்கள். நடுவை ஒரு துணியால் மறைத்துவிட்டால், உள்ளே அரைமுறுக்கு இருக்கிறதா, மூன்று இருக்கிறதா என்று முனையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 6, 20 செ.மீ. என இரண்டே அலைநீளங்களை வைத்துக் கணக்கிட்டால் இதே சிக்கல்தான்: ஓர் அரைமுறுக்கு (180 டிகிரி) தவறினால் சுழற்சி அளவு 86 ரேடியன் தள்ளிப்போகும். நெருக்கமான பல அலைநீளங்கள் இருந்தால்தான் முறுக்கை எண்ண முடியும். அப்புறம், நம் பால்வீதி சேர்த்த திருப்பத்தையும் கழிக்க வேண்டும்.

கோணங்களை நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள். 1 டிகிரியும் 179 டிகிரியும் ஏறக்குறைய ஒரே சாய்வு, ஆனால் கூட்டி இரண்டால் வகுத்தால் 90 வரும். சாய்வைக் கோணமாக இல்லாமல் இரண்டு எண்களாகச் சொல்லும் ஸ்டோக்ஸ் க்யூ, யூ அளவுகள் இரண்டையும் தனித்தனியாகச் சராசரி எடுத்து, கோணத்தைக் கடைசியில் கணக்கிடுங்கள்.

அமெரிக்காவின் வி.எல்.ஏ. போன்ற ஆன்டெனா வரிசை, பரந்து மங்கலாகக் கிடக்கும் ஒளிர்வைத் தவறவிடும். அதனால்தான் ஜெர்மனியில் எஃபெல்ஸ்பெர்க்கின் 100 மீட்டர் தட்டில் எடுத்த தரவையும் சேர்க்கிறார்கள்.

"மேட்டுப்பாளையம் தாண்டினால் ஊட்டித் தொலைநோக்கி இருக்கே, அங்கேயே எடுக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் 530 மீட்டர் நீளமுள்ள அந்தக் கருவியின் டைபோல் ஆன்டெனாக்கள் (அலையைப் பிடிக்கும் கம்பிகள்) எல்லாம் ஒரே திசையில் இருப்பதால், ஒரே தளத்து அலையைத்தான் பிடிக்கும். அது வேலை செய்யும் 92 செ.மீ.யில், மேலே சொன்ன 100 ரேடியனுக்கே தளம் 13 முழுச் சுற்றுக்கு மேல் திரும்பியிருக்கும். வி.எல்.ஏ. காப்பகத்தில் பழைய தரவு திறந்தே கிடக்கிறது, அங்கே தொடங்குங்கள்.