பேக்கப் எடுத்தாச்சு, பதிவுகள் எங்கே?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் போன மாதம் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். "என் வலைப்பூ மொத்தமும் இதுல இருக்கு தம்பி. பத்து வருஷத்து எழுத்து. சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க."

செருகிப் பார்த்தேன். ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் பக்கத்தின் பின்னணி நிறம் இருந்தது, எழுத்துருவின் அளவு இருந்தது, ஓரப்பட்டையின் அகலம்கூட இருந்தது. டீச்சர் எழுதியதில் ஒரு வரியும் இல்லை.

சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. இதே தவறை நானும் செய்திருக்கிறேன், இதைவிடப் பெரியதையும் செய்திருக்கிறேன். பேக்கப்பே எடுக்காதவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை.

தீம் கோப்பைப் பதிவுகள் என்று நம்புவது

டீச்சரின் வலைப்பூ இருப்பது கூகுளின் இலவசத் தளமான பிளாகரில். அங்கே பேக்கப் என்ற சொல் இரண்டு இடங்களில் வரும். தீம் பகுதியில் இருப்பது வலைப்பூவின் தோற்றத்தை, அதன் சட்டையை மட்டும் கழற்றிக் கொடுக்கும். பதிவுகளும் பின்னூட்டங்களும் வேண்டுமென்றால் அமைப்புகளுக்குள் போய் எடுக்க வேண்டும். டீச்சர் எடுத்தது சட்டையை. கண்டுபிடிப்பது சுலபம்: கோப்பைத் திறந்து, உங்கள் பதிவு ஒன்றில் வரும் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா, தவறான கோப்பு.

படமும் உள்ளே இருக்கும் என்று நினைப்பது

இருக்காது. பிளாகர் தரும் கோப்பிலும், இன்னொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ் தரும் கோப்பிலும் படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். வீட்டுக்குப் பதிலாக விலாசம். மூல இடத்தில் படம் போய்விட்டால் விலாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஒரு காலத்தில் பிளாகரில் ஏற்றிய படங்கள் கூகுளின் படச் சேமிப்புத் தளமாக இருந்த பிக்காசா வலை ஆல்பத்தில் போய் உட்கார்ந்தன. இடத்தை அடைக்கிறதே என்று அங்கே அழித்தவர்களின் வலைப்பூவிலும் படங்கள் காணாமல் போயின.

படங்களுக்கு, கூகுளில் இருக்கும் நம் சரக்கை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகப் போங்கள். பதிவுப் பக்கத்தில் வலது சொடுக்குப் போட்டு ஒவ்வொன்றாகச் சேமிப்பவர்கள் கவனிக்க: பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் 320 அல்லது 400 பிக்சலுக்குச் சுருக்கிய படம். பெரிய படம் அதைச் சொடுக்கினால் வரும். என் தங்கை கல்யாணப் படங்கள் இன்றும் என்னிடம் தபால்தலை அளவில்தான் இருக்கின்றன.

கேள்விக்குறிகளைச் சேமிப்பது

இப்போது என் கதை. இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

2010-இல், என் முதல் வலைப்பூ இருந்த இலவசத் தளம் மூடப்போகிறது என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டு மாத அவகாசம். அங்கே ஏற்றுமதி வசதி எதுவும் கிடையாது. 143 பதிவுகள். சரி, உட்கார்ந்து செய்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நோட்பேட் ஒரு எச்சரிக்கை காட்டியது. இந்தக் கோப்பில் யூனிகோட் எழுத்துகள் இருக்கின்றன, ஆன்சி முறையில் சேமித்தால் அவை போய்விடும் என்பது அதன் சாரம். (தமிழ் உட்பட உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறைதான் யூனிகோட்.) நான் படிக்கவில்லை. கணினி எதையாவது கேட்டால் ஓகே கொடுப்பதுதானே நம் வழக்கம்? 143 முறை கொடுத்தேன்.

இதில் விஷமான விஷயம் என்னவென்றால், சேமித்த பிறகும் திரையில் தமிழ் அப்படியே தெரியும். கோப்பை மூடித் திறக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை போலவே இருக்கும். நான் திறக்கவில்லை. ஏன் திறக்கப் போகிறேன், இப்போதுதானே சேமித்தேன்? தளம் மூடப்பட்டு நாலைந்து மாதம் கழித்து ஒரு பழைய கட்டுரை தேவைப்பட்டது. திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி.

காரணம் எளியது. ஆன்சி என்று நோட்பேட் சொன்னது, மேற்கத்திய எழுத்துகளுக்கான பழைய அட்டவணை ஒன்றை. தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை விண்டோஸில் இருந்ததே இல்லை. தனக்குத் தெரியாத எழுத்தை எல்லாம் அது கேள்விக்குறியாக்கிவிடும். அம்மா என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து. ஆகவே அம்மா இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறி. எண்களும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் மட்டும் பிழைத்தன. "????? 350 ??????" என்று ஒரு வரி இருந்தது. 350 ரூபாயா, பக்கமா, எதுவென்று இன்றுவரை பிடிபடவில்லை. இணையத்தில் பழைய பக்கங்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடி 11 பதிவுகளை மீட்டேன். மீதி 132-உம் கேள்விக்குறிகளாகவே ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அழிக்க மனம் வரவில்லை.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்காதீர்கள். நோட்பேட் திருந்திவிட்டது உண்மைதான்; விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பிலிருந்து அது தானாகவே, யூனிகோட் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு எக்செல் வந்துவிட்டது. சமையல் குறிப்பு எழுதும் பெண் ஒருவர் தன் பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) இறக்கி, எக்செலில் ஒரு நெடுவரிசையை மட்டும் நீக்கி, வெறும் சிஎஸ்வி என்ற வகையில் சேமித்துவிட்டு எனக்கு போன் செய்தார். "அண்ணா, எல்லாம் கேள்வி கேட்குது." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லவேளை, இறக்கிய மூலக் கோப்பு அவரிடம் தனியாக இருந்தது. எக்செலில் சேமித்தே ஆக வேண்டுமென்றால் வகைகளின் பட்டியலில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கோப்பைத் திறந்ததும் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வேறு குறிகளும் கோணல்மாணலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அது படிக்கும் முறையில் வந்த பிழை. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் எக்செல் மூன்று தனி எழுத்தாகப் படிக்கிறது, அவ்வளவுதான். எதையும் சேமிக்காமல் மூடுங்கள். எக்செலின் டேட்டா பகுதியிலிருந்து கோப்பை உள்ளே எடுத்து, 65001 என்ற எண்ணோடு இருக்கும் யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறி அப்படியில்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே குறி என்றான பிறகு எந்த மென்பொருளாலும் எதையும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

எச்டிடிராக்கை அவிழ்த்துவிட்டுத் தூங்கப்போவது

தளத்தை அப்படியே கணினிக்கு நகலெடுக்கும் இந்த மென்பொருள் 1998 முதல் இருக்கிறது, இலவசம், எனக்குப் பிடித்தது. ஆனால் கண்ணில் படும் இணைப்பை எல்லாம் பிடித்துக்கொண்டு போகும். ஒரே பதிவைத் தனிப் பக்கமாக ஒரு தடவை, மாதத் தொகுப்பில் ஒரு தடவை, கைபேசிப் பக்கமாக ஒரு தடவை, ஒவ்வொரு பின்னூட்ட இணைப்புக்கும் ஒரு தடவை இறக்கும். எது வேண்டாம் என்பதை ஸ்கேன் ரூல்ஸ் பகுதியில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

நம் ஆட்களுக்கென்றே இன்னொரு தலைவலி உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு, பிளாக்-போஸ்ட் என்ற பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து முகவரியாக்கும். இறக்கிய கோப்புறையில் அந்தப் பெயரிலேயே முந்நூறு கோப்புகள் நிற்கும். எதில் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். வேர்ட்பிரஸில் இதற்கு நேர் எதிர். தமிழ் முகவரியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்ளும், 200 இடத்தோடு முகவரி முடிந்துவிடும், அதாவது 22 குறிதான். ஏற்கெனவே ஆழமான கோப்புறைக்குள் அதைப் போட்டால் கோப்பின் முழுப் பாதைக்கு விண்டோஸ் வைத்த 260 எழுத்து என்ற பழைய எல்லையில் இடிக்கும். சி டிரைவிலோ டி டிரைவிலோ நேராக ஒரு சின்னப் பெயரில் கோப்புறை வைத்து அதற்குள் இறக்குங்கள்.

எழுதும் கணினியிலேயே பேக்கப்பையும் வைப்பது

ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

பழைய பேக்கப் மேலேயே புதியதை எழுதுவது

கோப்பின் பெயரில் தேதி போடுங்கள்.

கூகுள் கணக்கை மறந்துவிடுவது

இரண்டு வருடம் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-இல் வந்த விதி. பழைய வலைப்பூவுக்கென்று தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு எட்டு உள்ளே போய்விட்டு வாருங்கள்.

வரைவுகளை விட்டுவிடுவது

எச்டிடிராக் போன்றவை, வாசகருக்குத் தெரிவதைத்தான் எடுக்கும். வெளியிடாமல் வைத்திருக்கும் வரைவுகள் அதில் வராது. அமைப்புகள் வழியாக எடுக்கும் கோப்பில் அவையும் வரும். கணினியிலிருந்தே பதிவெழுத மைக்ரோசாஃப்ட் தந்த விண்டோஸ் லைவ் ரைட்டரில் எழுதிய பழைய ஆட்கள் ஆவணங்கள் கோப்புறைக்குள் மை வெப்லாக் போஸ்ட்ஸ் என்று ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். வலைக்கே போகாத வரைவுகள் அங்கே இருக்கும்.

டீச்சருக்கு முறையாக எடுத்துக் கொடுத்தபோது பதிவுகளோடு 31 வரைவுகளும் வந்தன. இதையெல்லாம் ஏன் வெளியிடவில்லை என்று கேட்டேன். பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். "அது இருக்கட்டும் தம்பி. நீங்க படிக்கலையே?"