பனிமூட்டக் காலையைப் படகிலிருந்து படம் பிடிக்க

காட்டு ஏரியில் கனூ (துடுப்பு போடும் ஒல்லிப் படகு) பயணம் போனால், சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பே படகைத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள். வெயில் ஏறினால் பனிமூட்டம் கலைந்துவிடும். வெள்ளை மூட்டத்தைக் கண்டதும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, படத்தை அழுக்குச் சாம்பலாக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 வரை ஏற்றுங்கள். சூரியன் எட்டிப் பார்த்ததும் இறக்கிவிட வேண்டும்; நான் இதை மறந்து எத்தனையோ வானங்களை வெளுக்க வைத்திருக்கிறேன். படகுக்குள் டிரைபாட் வீண், படகே ஆடுகிறதே! ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டி, ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். படகின் முன்நுனி ஃபிரேமில் கொஞ்சம் தெரியட்டும். அத்தனை வெள்ளைக்கு நடுவே கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும். அப்புறம், லென்ஸில் பொடி நீர்த்துளி படியும். உலர்ந்த துணி ஒன்று சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.